வந்தவர்களைப் பற்றி ஊர் சொன்னது

பெரம்பலூர் பக்கத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்தில் இரண்டு நாள்தான் நடை திறக்கும்: திங்கள், வெள்ளி. ஏன் என்று கேட்டால் பூக்கடைக்காரம்மாவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைவரை யாரும் கதையைச் சொல்லிவிடுவார்கள். மதுரையை எரித்தும் ஆத்திரம் தணியாமல் வடக்கே நடந்துவந்த ஒருத்தி, கண்ணகிதான் அவள் என்பார்கள், பொழுது சாய்ந்த நேரத்தில் இங்கே குடியிருந்த செல்லியம்மனிடம் ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். செல்லி தயங்கினாள். மந்திரவாதி ஒருவன் தன்னைக் கட்டிப்போட்டு ஏவல் வாங்குவதைச் சொல்லி அழுதாள். வந்தவள் அவனை அழித்தாள். செல்லி தன் இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போனாள். போகும்போது ஒன்று மட்டும் கேட்டாள்: முதல் மரியாதை எனக்கு வேண்டும். அதனால்தான் இன்றும் தீபாராதனை முதலில் மலைப்பக்கம் காட்டப்படுகிறது.

சின்ன வயதில் அப்பாயி சொல்லிக் கேட்டபோது இது சாமி கதை. இப்போது கேட்டால் வேறொன்றும் தெரிகிறது. ஏற்கெனவே இருந்தவர் யார், வெளியிலிருந்து வந்தவர் யார், இடம் எப்படிக் கைமாறியது, மாறிய பிறகு பழையவருக்கு என்ன பாக்கி என்ற முழுக்கணக்கும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. அது ஏட்டில் எழுதப்படவில்லை. வாரம் இரண்டு முறை ஏற்றும் தீபத்தில் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்களில் ஐரோப்பியர்களின் கணக்கை நம் ஊர்கள் இப்படி எங்கே வைத்திருக்கின்றன என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி. பறங்கியர், உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர், தினமார் என்ற டேனிஷ்காரர், பிராஞ்சுக்காரர், இங்கிலீசுக்காரர் என்று அடுக்கடுக்காக வந்தவர்கள் எழுதிவைத்தது மலையளவு. அவர்களைப் பார்த்தவர்கள் பேசியது என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை உலகுக்கு உரக்கக் கேட்கவைத்தவர்கள் வடதுருவப் பனிநிலத்து இனுயிட் மக்கள். ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1576 முதல் 1578 வரை மூன்று முறை பாஃபின் தீவுக்குப் போனார். முதல் பயணத்தில் அவருடைய ஆட்கள் ஐவர் படகோடு காணாமல் போனார்கள். அவர்களை அங்குள்ளவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று இங்கிலாந்து முடிவுகட்டியது. ஏறத்தாழ 300 ஆண்டு கழித்து, 1860களின் தொடக்கத்தில், சார்லஸ் பிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அதே கரையில் ஒரு மூதாட்டியிடம் பழங்கதை கேட்டார். வெள்ளைக்காரர்கள் முதலில் இரண்டு கப்பலில் வந்தார்கள், பிறகு இரண்டோ மூன்றோ, கடைசியில் ஏராளம் என்றார் அவர். மூன்றாம் பயணத்தில் ஃப்ரோபிஷர் கொண்டுபோனது 15 கப்பல். எழுத்தே இல்லாத மக்களின் வாயில் கணக்கு தப்பவில்லை. விட்டுப்போன ஐவர் தங்களோடு குளிர்காலம் கழித்தார்கள், ஒரு தீவில் படகு கட்டினார்கள், கிளம்பிப் போனவர்கள் திரும்பவில்லை என்றும் அந்த மக்கள் சொன்னார்கள். இங்கிலாந்து சொன்னதற்கு நேர்மாறான சாட்சியம் அது.

1845இல் இரண்டு கப்பல்களில் 129 பேரோடு மறைந்த ஜான் ஃபிராங்க்ளின் கதை இன்னும் கூர்மையானது. பசி தாளாமல் கடைசியில் மனித உடலையே உண்டார்கள் என்று இனுயிட் சொன்னதை ஜான் ரே 1854இல் லண்டனுக்குக் கொண்டுவந்தார். காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்புவதா என்று சார்லஸ் டிக்கன்ஸ் தம் இதழில் சீறினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் இருந்த கத்தித் தடங்கள் அந்த மக்கள் பொய் சொல்லவில்லை என்று காட்டின. கப்பல்கள் 2014இலும் 2016இலும் கடலடியில் கண்டெடுக்கப்பட்டபோது, முதல் கப்பல் கிடைத்தது இனுயிட் வாய்மொழி காட்டிய வட்டாரத்திலேயே. அந்தக் கதைகளை வாழ்நாள் முழுக்கச் சேகரித்த லூயி கமூகாக் என்ற இனுயிட் அறிஞர் அதைப் பார்த்துவிட்டு 2018இல் மறைந்தார்.

நமக்கு எழுத்து உண்டு. அதுவே ஒருவகையில் இடைஞ்சல். ஏடும் கல்வெட்டும் இருக்கும் நாட்டில் வாய்ப்பேச்சை யார் மதிக்கிறார்கள்? ஆனால் முதல் சந்திப்புகளின் தடம் நம் நாக்கிலேயே இருக்கிறது. போர்ச்சுகீசியருக்கு நாம் வைத்த பெயர் பறங்கி. அந்தப் பெயர் ஓர் ஊருக்கு ஒட்டிப் பரங்கிப்பேட்டை ஆயிற்று. அவர்களோடு வந்த புதுக்காய் பரங்கிக்காய். அவர்களோடு வந்த நோய் பறங்கிப்புண். அவர்கள் வெடித்த குழாய் பீரங்கி. காய், நோய், குண்டு என மூன்றையும் ஒரே பெயரில் முடிந்துவைத்த மக்கள் யாரைப் பார்த்தோம் என்பதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அந்த மொழி விட்டுப்போன சொற்கள். பறங்கியின் சொல் வீட்டுக்குள் புகுந்தது, இங்கிலீசுக்காரனின் சொல் கோர்ட்டிலும் கலெக்டர் ஆபீசிலும் உட்கார்ந்தது. இரண்டு உறவுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரிகிறது.

கதையாகக் கிடைக்கும் பழைய நினைவுகளுக்கு ஈழத்துக்குத்தான் போக வேண்டும். சிங்கள நூலான ராஜாவலிய, போர்ச்சுகீசியர் முதன்முதல் கொழும்பில் இறங்கிய செய்தி அரசனுக்குப் போனதைச் சொல்கிறது. ரொட்டியைக் கல் என்றும் ஒயினை இரத்தம் என்றும் கண்டவர்களின் திகைப்பு அதில் அப்படியே நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனப் புலவர் டச்சுக்காரர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், அவர்களுடைய தேசாதிபதி கேட்டுக்கொண்டதற்கிணங்க யாழ்ப்பாண வைபவமாலையைத் தொகுத்தார். பறங்கியரும் அவர்களுக்குப் பின் உலாந்தாக்காரரும் ஆளுவார்கள் என்று ஒரு முனிவர் அரசனிடம் முன்பே சொன்னதாக அதில் வருகிறது. நடந்து முடிந்ததை நடக்கப்போவதாகச் சொல்லும் உத்தி இது. தோற்றவர்கள் தோல்வியை விதியாக மாற்றித் தாங்கிக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு.

அதே மரபில் என்னை விடாமல் பிடித்திருக்கும் கதை ஞானப்பிரகாசருடையது. பறங்கி அதிகாரிக்கு வீட்டுக்கு ஒரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. திருநெல்வேலி என்ற யாழ்ப்பாணத்து ஊரில் ஞானப்பிரகாசரின் முறை வந்தது. பசுவைக் கொடுக்க மனமில்லாமல் முதல்நாள் இரவே அவர் கடல் தாண்டினார். பின்னர் துறவியாகிச் சிதம்பரத்தில் குளம் வெட்டினார். ஞானப்பிரகாசர் குளம் இன்றும் சிதம்பரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுகீசியர் 1619இல் பிடித்ததும், கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் ஆவணத்தில் உண்டு. ஒரு வீட்டுத் தொழுவத்தில், மறுநாள் விடியுமுன் எடுக்க வேண்டியிருந்த முடிவு கதையில்தான் உண்டு.

தரங்கம்பாடிக்கு வருவோம். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் தினமார்களுக்கு அந்தக் கரையைக் கொடுத்தார். 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்க் ஒரு நல்ல காரியம் செய்தார். தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பிக் கடிதமாகப் பதில் வாங்கினார். 1712 முதல் 1714 வரை வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. கிறித்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நம்மவர்கள் கூச்சமில்லாமல் பதில் எழுதியிருக்கிறார்கள். மாடு தின்கிறார்கள், குடிக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே துப்புகிறார்கள், கால் கழுவுவதில்லை. அந்தக் கடிதங்களில் பலவற்றுக்குப் பாதிரியாரின் பழைய துபாஷி அழகப்பன் கைகொடுத்தார் என்பதால் இதை ஊர்க்குரல் என்று முழுசாகச் சொல்ல முடியாது. தமிழ் மூலம் மறைந்து ஜெர்மன்தான் எஞ்சியது என்ற குறையும் உண்டு. ஆனாலும் கடற்கரைத் திண்ணையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு இவ்வளவு பழைய சாட்சி அரிது.

இனி எங்கள் பக்கம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படுகிறது ரஞ்சன்குடிக் கோட்டை. ஆங்கிலேயர் வாலிகொண்டா என்று எழுதிய இடம் இதுதான். 1751 ஜூலையில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் மோதினார்கள். முன்னவருக்குப் பிரெஞ்சுப் படையும் பின்னவருக்கு இங்கிலீசுப் படையும் துணை. கோட்டைக்காரர் இரண்டு பக்கமும் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த கேப்டன் ஜிஞ்சன்ஸ் இரவில் தாக்கினார். பேட்டைக்குத் தீ வைக்க முடிந்தது, கற்கோட்டையை அசைக்க முடியவில்லை. அடுத்து நடந்த சண்டையில் இங்கிலீசுக்காரச் சிப்பாய்கள் மிரண்டு ஓடினார்கள். ஓடியவர்களை முகம்மது அலியின் தம்பி அப்துல் வகாப் குதிரையில் வந்து வைததாக ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் வெட்கத்தோடு எழுதுகிறார். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அப்போது கையில் படையதிகாரம் இல்லாத ஒரு இளைஞர் கூட இருந்தார்: ராபர்ட் கிளைவ்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சி. ஆனால் பெயர்பெற்ற கதைப்பாடல் தொகுப்புகளில் ரஞ்சன்குடிப் போருக்கு ஒரு பாட்டு கிடையாது. எரிந்த பேட்டையில் யார் வீடு, எத்தனை குடி என்று ஓர்மும் எழுதவில்லை.

இதற்கு நேர்மாறு, அதே பழைய திருச்சிராப்பள்ளிச் சீமையில் கொள்ளிடக் கரையோரத்து ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், திருக்காவலூர் என்று பெயரிட்டு வாழ்ந்த ஊர். அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை என்ற கட்டி வந்தது. வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. சாமியார் மாதாவை வேண்டிக்கொண்டு மண்ணெடுத்துப் பூசினார், பிளவை ஆறியது, ராஜா நிலம் கொடுத்தார். ஊரில் யாரும் சொல்லும் வழக்கு இது. அடைக்கல மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் இன்றும் அந்த மண்ணைப் பூசிக்கொள்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

போர் மறந்தது, புண் நினைவிருக்கிறது. ஏன் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். ரஞ்சன்குடியில் மோதியவர்கள் எல்லோருமே வெளியார். யாரோ ஒருவரின் சிம்மாசனத்துக்காக யாரோ சண்டையிட்டுவிட்டுப் போனார்கள். வருஷா வருஷம் அதைச் சொல்ல ஒரு நாள் இல்லை, படையல் இல்லை, மானியம் இல்லை. ஏலாக்குறிச்சியில் மண் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, பாத்தியதை சொல்ல நிலம் இருக்கிறது. எந்தக் கதைக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு நாளும் இடமும் அமைகிறதோ அதுவே பிழைக்கிறது. உண்மையின் கனத்தைப் பார்த்து ஊர் கதைகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாய்மொழியைச் சான்றாக எடுப்பவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இது.

பிழைத்த கதை வளரவும் செய்யும். சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த வித்துவான் முத்துசாமிப் பிள்ளை, எல்லிஸ் துரை அனுப்பித் தெற்கே ஏடு தேடி அலைந்தவர். 1822இல் அவர் எழுதிய வீரமாமுனிவர் சரித்திரத்தில் பெரும்பகுதி காதால் கேட்டது. சந்தா சாகிபைப் பார்ப்பதற்காக முனிவர் மூன்றே மாதத்தில் பாரசீகமும் துருக்க பாஷையும் கற்றார், நவாப் அவரைத் திவானாக்கினார், பல்லக்கும் பரிவாரமுமாக வலம்வந்தார் என்று போகிறது. பின்னால் சேசு சபையின் சொந்த ஆவணங்களைப் புரட்டிய பெஸ் பாதிரியார் திவான் பதவிக்கு ஆதாரமில்லை என்றார். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. சாமியார் ஒருவர் தேம்பாவணி பாடுமளவுக்குத் தமிழில் தோய்ந்ததைக் கண்ட மக்கள், அந்த வியப்புக்கு ஏற்ற பதவி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அவர் திவானா என்பதற்கு இந்தக் கதை சாட்சியாகாது. அவரை ஊர் எந்த உயரத்தில் வைத்திருந்தது என்பதற்குச் சாட்சியாகும்.

கதைப்பாடல்களின் நிலை வேறு. நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் கட்டபொம்மு கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்தபோது, பாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்களோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். கான்சாகிபு என்ற யூசுப்கான் கும்பினிக்கே படைத்தலைவனாக இருந்து, கும்பினியையே எதிர்த்து, 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். ஆவணத்துக்கு அவர் துரோகி. பாட்டோ அவருக்காக அழுகிறது. தூக்குக்கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்ற வழக்கு எஸ். சி. ஹில் அவரைப் பற்றி எழுதிய 1914இலும் மதுரைப் பக்கம் உயிரோடு இருந்தது. உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களில் புதைத்தார்கள் என்பதும் மக்கள் பேச்சு. செத்த பிறகும் கும்பினி அவருக்குப் பயந்தது என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு எந்த வழி இருந்தது?

வெள்ளைக்காரர் எழுத்திலேயே நம்மவர் வாய்மொழி ஒளிந்துகிடப்பதும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி 1801 மே மாதம் விழுந்தபோது தாக்கிய படையில் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வந்த தம் நினைவுக்குறிப்புகளில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பிய கதையைச் சொல்கிறார். மகனைத் தேடிவந்த ஒரு தாய் பிணக்குவியலுக்கிடையே அவனைக் குற்றுயிராகக் காண்கிறாள். என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்று அவன் சொல்கிறான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். பின்னால் கும்பினிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவரும்போது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி வைசூரியில் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் வைசூரிக்குப் பயந்து ஓடுகிறார்கள். வெல்ஷ் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. யாரோ சொல்லித்தான் கேட்டிருக்க வேண்டும். பெண்கள் பெண்களுக்குள் சொல்லிக்கொண்ட கதை ஓர் எதிரியின் புத்தகத்தில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. போர் வரலாற்றில் பெயரில்லாத அந்தத் தாய்தான் இதன் நாயகி.

நினைவின் இன்னொரு வடிவம் சாமி. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைமதிலைப் பிடிக்கும் சண்டையில் படுகாயப்பட்டு இறந்த கேப்டன் போல் என்பவரை நெல்லைச் சீமையின் தேரிமணலில் புதைத்தார்கள். சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்து மக்கள் அங்கே படையல் போடத் தொடங்கினார்கள். படைத்தது சாராயமும் சுருட்டும் என்று பாதிரியார் கால்டுவெல் 1849இல் எழுதினார். அவர் அதை மூடத்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அகால மரணமடைந்தவன் எவனானாலும் பசியோடு அலைவான், அவனுக்குப் பிடித்ததைக் கொடுத்து ஆற்ற வேண்டும் என்பது நம் ஊரின் பழைய நீதி. சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாத அன்னியனுக்கும் அந்த நீதியை அவர்கள் நீட்டினார்கள். மதுராந்தகத்து ஏரிக்கரையில் இராமலட்சுமணர் காவல் நிற்கக் கண்ட கலெக்டர் பிளேஸ் துரை, இடிமழை இரவில் சிறுமி வடிவில் வந்த மீனாட்சியால் உயிர் தப்பிய மதுரைக் கலெக்டர் ரவுஸ் பீட்டர் ஆகியோரின் கதைகளும் இந்த வகை. ஆளவந்தவனை நம் சாமிக்குப் பக்தனாக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவற்றில் இருக்கிறது. வரி கட்டமுடியாத குடியானவனின் கோபத்தை மட்டும் அவற்றில் தேடக் கூடாது.

வாய்மொழிக்கு நம் காலத்தில் வந்த பெரிய சோதனை சினிமா. 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்துக்குப் பிறகு, கலெக்டர் ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்தித்த காட்சியைப் படத்தின் வசனம் இல்லாமல் சொல்ல யாராலும் முடியவில்லை. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்ததே வேறுவகையில் உருக்கமானது. ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் பார்க்க அனுமதித்தபோது நெடுநேரம் நிற்கவைத்தே கேள்வி கேட்டார்கள். உட்கார இடம் தரவில்லை என்ற அவமானம் ஒரு பாளையக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மௌனமான நிற்றலை வசனம் மூடிவிட்டது. பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதும் படத்திலிருந்தே. அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவர் நாளைக்கு ஆய்வாளரிடம் சொல்லும்போது அதுவும் வாய்மொழி வரலாறு என்ற பெயரில் பதிவாகிவிடும். எங்கே கேட்டீர்கள், யார் சொன்னார்கள், எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்ற மூன்று கேள்வியைக் கேட்காத சேகரிப்பு பயன்படாது.

இந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்டவர்களில் எங்கள் பக்கத்துக்கு உறவுள்ள ஒருவர் உ.வே.சாமிநாதையர். அரியலூரிலும் குன்னத்திலும் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர். உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்களைப் பற்றித் தகப்பனாரும் பெரியவர்களும் சொன்னதைச் சொன்னவர் யாரென்ற குறிப்போடு என் சரித்திரத்தில் எழுதிவைத்தார். அவருக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் அந்த அளவு பொறுமையோடு யாரும் உட்கார்ந்து கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தெற்கே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. அந்தத் தெற்கத்திக் கரிசல் மண்ணுக்குக் கிடைத்த கவனம் எங்கள் வெள்ளாற்றங்கரைக்கும் கிடைத்திருக்கலாம்.

கிராமக் கோயில் வாசல்களில் ஐயனார் குதிரையோடு தொப்பிபோட்ட துரையும் துப்பாக்கி பிடித்த சிப்பாயும் சுதையில் நிற்பதைத் தமிழ்நாடெங்கும் பார்க்கலாம். யார் அந்தத் துரை, எந்தச் சண்டைக்குப் பிறகு அவரைக் காவலுக்கு நிறுத்தினார்கள் என்பதைப் பூசாரியும் குயவரும்தான் சொல்ல முடியும். கல்வெட்டு கிடையாது. சிலை உடைந்தாலும் சொல்பவர் போனாலும் பாதி ஆவணம் போயிற்று. சிறுவாச்சூர்ப் பெரியசாமி மலையில் 2021 அக்டோபரில் சாமி சிலைகளை உடைத்துப் போட்டார்கள். செய்தி வந்த அன்று ஊர்ப்பெரியவர்கள் உடைந்த துண்டுகளுக்கு நடுவே நின்று, இது இன்ன சாமி, இது அதன் குதிரை என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னதைக் கேட்டேன். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். பேர் தவறினால் பின்னாலிருந்த கிழவி திருத்தினாள். கையில் நோட்டு இருந்தும் அன்று நான் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எழுதப் போனேன். கீழே மதுரகாளி சன்னதியில் மலைப்பக்கம் தீபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிழவியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லுங்கள் ஆயா என்றேன்.